கும்பனிக்கு இன்னொரு ஊர்

வருகிற டிசம்பரில் நானும் வீட்டுக்காரம்மாவும் அமெரிக்கா போகிறோம். மகள் வீடு சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில். முன்பு இரண்டு முறை போனது கோடையில். இந்தத் தடவை குளிர்காலத்தில் வருகிறோம் என்று நான்தான் சொன்னேன். போனிலேயே மகள் சிரித்துவிட்டாள். "இங்க இருக்கிறவங்களே ஜனவரியில ஃப்ளோரிடாவுக்கு ஓடுறாங்கப்பா. நீங்க எழுபத்தஞ்சு வயசுல பனியைப் பார்க்க வர்றேங்கறீங்களே" என்றாள். பனியைப் பார்க்க அல்ல. டிசம்பர் 31ஆம் தேதி இரவு, அந்த மாநிலத்தின் தென்மேற்கில், சுமார் 500 பேர் வசிக்கிற ஒரு கிராமத்தில் ஒரு பாட்டைக் கேட்க வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு ராத்திரிதான் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அதைச் சுற்றித்தான் மற்ற பயணமெல்லாம் திட்டம் போட்டிருக்கிறேன்.

அது பிரெஞ்சுப் பாட்டு. பாடுகிறவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது.

இதை நம்மூர் நண்பர்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த ஊருக்கும் நமக்கும் ஒரு காலத்தில் முதலாளி ஒருவன்தான். நம் பெரியவர்கள் 'கும்பனி' என்று சொன்னார்களே, அந்தப் பிரெஞ்சு இந்தியக் கும்பனிக்குப் புதுச்சேரியும் சொந்தம், இலினாயும் சொந்தம். நம் பத்திரிகைகள் 'இல்லினாய்ஸ்' என்று எழுதுகின்றன. அங்குள்ளவர்கள் 'இலினாய்' என்றுதான் சொல்கிறார்கள். கடைசி 'ஸ்' ஒலிக்காது. பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன இலக்கணத்தில் அந்த மாநிலம் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருப்பது அந்த ஒரு எழுத்துதானோ என்று எனக்குச் சந்தேகம். ஏனென்றால் சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற 'தெ ப்ளேன்' என்ற ஊரை அவர்கள் 'டெஸ் ப்ளேன்ஸ்' என்று இரண்டு 'ஸ்' போட்டு அழைக்கிறார்கள். நாம் சிரிப்பதற்கில்லை. 'ரூ துய்மா'வை 'டூமாஸ் தெரு' ஆக்கியவர்கள் நாம்.

1673ஆம் வருஷம் பிப்ரவரியில் பெல்லாஞ்சே தெ லெஸ்பினே என்ற பிரெஞ்சு அதிகாரி புதுச்சேரிக் கரையில் வந்து தங்கினார். நம் ஊரில் பிரெஞ்சுக்காரன் கதை அங்கே தொடங்குகிறது. அதே 1673ஆம் வருஷம் கோடையில், உலகத்தின் மறுபக்கத்தில், மார்க்கெத் என்ற சேசு சபைப் பாதிரியாரும் ஜோலியே என்ற வியாபாரியும் படகில் மிசிசிப்பி ஆற்றில் இறங்கி, திரும்பும்போது இலினாய் ஆற்று வழியாக ஏறி வந்தார்கள். இரண்டும் ஒரே வருஷம் என்பது தற்செயல். அடுத்து நடந்தது தற்செயல் அல்ல.

ஜான் லா என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரன். சூதாட்டத்தில் கெட்டிக்காரன், கணக்கில் அதைவிடக் கெட்டிக்காரன். பதினாலாம் லூயி வைத்துவிட்டுப் போன கடனில் பிரான்ஸ் மூழ்கிக் கிடந்த நேரத்தில், காகிதப் பணமும் பங்குப் பத்திரமும் வைத்து எல்லாக் கடனையும் அடைத்துவிடலாம் என்று ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஓர்லியோன் பிரபுவை நம்ப வைத்தான். 1717இல் மிசிசிப்பிப் பிரதேசத்துக்கு ஒரு கும்பனி தொடங்கினான். 1719இல் நொடித்துக் கிடந்த கிழக்கிந்தியக் கும்பனியை அதோடு சேர்த்துக்கொண்டான். அன்றிலிருந்து பாரிசில் ஒரே அலுவலகம், ஒரே கணக்குப் புத்தகம்: ஒரு பக்கம் மிசிசிப்பி, மறுபக்கம் புதுச்சேரி. 500 லிவ்ர் விலையுள்ள பங்கு அந்த வருஷக் கடைசியில் பத்தாயிரத்தைத் தொட்டது. தங்கமும் வெள்ளியும் மிசிசிப்பி ஓரத்தில் கொட்டிக் கிடக்கிறது என்று ஜனங்கள் நம்பினார்கள். அங்கே இருந்தது ஈயம். 1720இல் எல்லாம் வெடித்தது. லா நாட்டை விட்டு ஓடி, 1729இல் வெனிசில் செத்தான்.

கும்பனி மட்டும் சாகவில்லை. அதைத் தூக்கி நிறுத்தியதில் இந்திய வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பக்கத்துத் துணிதான். மிசிசிப்பியில் விட்டதைச் சோழமண்டலக் கரையில் எடுத்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை. 1731இல் லூயிசியானாவையும் இலினாயையும் 'எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை' என்று ராஜாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நம்மை விடவில்லை.

இந்த லாவின் தம்பி மகன்தான் ழான் லா தெ லொரிஸ்தோன், 1765 முதல் 1777 வரை நமக்குக் குவர்னராக இருந்தவர். பெரியப்பா மிசிசிப்பியில் விளையாடினார், தம்பி மகன் இங்கே இடிந்த ஊரைக் கட்டினார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இரண்டு பேரையும் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்று யாரும் சொல்லவில்லை. நான் அதைத் தெரிந்துகொண்டது ரிட்டையர் ஆன பிறகுதான்.

திட்டத்துக்கு வருகிறேன். முப்பத்தேழு வருஷம் ஆபீசில் இருந்தவன் என்பதால் முதலில் ஒரு ஃபைல் போட்டேன். டிசம்பர் 18 போய்ச் சேருவது. ஒரு வாரம் உடம்பை நேரத்துக்குப் பழக்குவது. கிறிஸ்மஸ் பேரப்பிள்ளைகளோடு. 27ஆம் தேதி காரில் கிளம்பித் தெற்கே இறங்குவது.

சிகாகோவில் பெரிதாக ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை, ஏற்கெனவே பார்த்ததுதான். விவேகானந்தர் 1893 செப்டம்பரில் பேசிய கட்டடம் இப்போது ஓவியக் காட்சிக்கூடம். வெளியே மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைக் கௌரவமாகச் சூட்டியிருக்கிறார்கள். சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய் வசூலித்த பணம்தான் அவரை அங்கே கொண்டு சேர்த்தது என்பதைப் பேரனுக்குச் சொல்ல வேண்டும். நான் இந்த முறை பார்க்க விரும்புவது ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மார்பளவுச் சிலை. ழான் பப்தீஸ்த் புவேன் துய் சாப்ல். கறுப்பர், பிரெஞ்சு பேசியவர், கத்தோலிக்கர், மனைவி அந்த மண்ணின் இந்தியப் பெண். சிகாகோ நகரம் உண்டாவதற்கு முன்பே, 1780களில், ஆற்று முகத்துவாரத்தில் வீடும் களமும் வைத்து வியாபாரம் செய்தவர். நகரத்தின் முதல் குடியானவர் என்று இவரை இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். ஏரிக்கரைச் சாலைக்கு இவர் பெயரைச் சேர்த்ததே 2021இல்தான்.

மார்க்கெத் பாதிரியாருக்கும் சிகாகோவில் ஒரு குளிர்காலம் உண்டு. 1674 டிசம்பரில் வயிற்றுக்கடுப்போடு அங்கே வந்து சேர்ந்து, மேலே போக முடியாமல், கூட இருந்த இரண்டு பேரோடு ஒரு குடிசையில் மார்ச் வரை கிடந்தார். வசந்தத்தில் இலினாய் மக்களிடம் போய்ப் பூசை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் மே மாதம் இறந்துபோனார். 37 வயது. மகள் வீட்டு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

குளிரைப் பற்றி நண்பர்கள் கேட்பார்கள். சிகாகோவில் ஜனவரியில் பல நாள் நடுப்பகலில்கூட வெப்பம் சுழியத்தைத் தாண்டாது. டிசம்பர் கடைசியில் சாயங்காலம் நாலரைக்குள் சூரியன் இறங்கிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஓரிடம், மூன்று மணிக்கெல்லாம் விடுதி. பனியைவிட மோசம் அது உருகி மறுபடி உறைவது. பார்வைக்கு ஈரத் தரை, காலை வைத்தால் கண்ணாடி. செருப்புக்கு அடியில் மாட்டிக்கொள்ள முள் வைத்த ரப்பர் பட்டை விற்கிறார்கள், இரண்டு ஜோடி வாங்கச் சொல்லியிருக்கிறேன். பயணக் காப்பீட்டில் நம் வயதுக்காரர்கள் பழைய வியாதிகளையெல்லாம் மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது. வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி வலி. "நான் கார்லயே உட்கார்ந்துக்கறேன், நீங்க போய்க் கல்லுங்களைப் பார்த்துட்டு வாங்க" என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

முதல் நிறுத்தம் 'ஸ்டார்வ்ட் ராக்'. சிகாகோவிலிருந்து 150 கிலோமீட்டர். இலினாய் ஆற்றின் மேல் செங்குத்தாக நிற்கும் மணற்பாறை. லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் 1682-83 குளிர்காலத்தில் அதன் உச்சியில் கோட்டை கட்டினார். சுற்றிலும் பள்ளத்தாக்குகளில் கோடையில் மெல்லிசாக ஒழுகும் அருவிகள் குளிரில் அப்படியே உறைந்து தூண்களாக நிற்குமாம். கீழே அணைக்கட்டில் மட்டும் தண்ணீர் உறையாமல் ஓடுவதால், வடக்கிலிருந்து வெண்தலைக் கழுகுகள் மீன் பிடிக்க அங்கே வந்து இறங்கும். கோடையில் போகிறவர்களுக்கு இந்த இரண்டும் கிடைக்காது. மகளிடம் நான் வாதாடிய கட்சியும் இதுதான்.

அடுத்தது பியோரியா. அங்கே ஆற்றின் எதிர்க்கரையில் ஒரு சின்ன ஊர், பெயர் 'க்ரேவ்கேர்'. மனமுடைதல் என்று பொருள். 1680 ஜனவரியில் லா சால் அங்கே ஒரு மரக்கோட்டை போட்டு இந்தப் பெயரை வைத்தார். மார்ச்சில் பொருள் கொண்டுவர அவர் உறைபனியில் கால்நடையாகவே கனடாப் பக்கம் கிளம்பினார். அவர் போன பிறகு ஆட்கள் கலகம் செய்து கோட்டையை நாசம் பண்ணிவிட்டு ஓடிவிட்டார்கள். பெயரை முதலிலேயே சரியாக வைத்திருக்கிறார். இப்போது அந்த ஊர்க்காரர்கள் 'க்ரீவ் கோர்' என்கிறார்கள், மனமும் இல்லை உடைதலும் இல்லை.

பிறகு ஸ்பிரிங்ஃபீல்ட். அது லிங்கனின் ஊர், மாநிலத் தலைநகர். அவர் சொந்தமாக வைத்திருந்த ஒரே வீடு அங்கே இருக்கிறது, கல்லறையும் அங்கேதான். அவரைப் பற்றித் தமிழில் எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன்.

அங்கிருந்து மிசிசிப்பி ஓரம் இறங்கினால் ஆல்டன். 1673இல் மார்க்கெத் கொம்பும் செதிலும் வைத்த பூதங்களைப் பாறையில் வரைந்திருந்ததைக் கண்டு பயந்தது அந்தப் பக்கத்தில்தான். பழைய ஓவியம் எப்போதோ போய்விட்டது, இப்போது இருப்பது புதிதாக வரைந்தது.

அதற்குத் தெற்கே கஹோக்கியா மேடுகள். இதைப் பிரெஞ்சுக்காரன் கணக்கில் சேர்க்கக்கூடாது, அவனுக்கு ஐந்நூறு வருஷம் முந்தியது. ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய அதே பதினொன்றாம் நூற்றாண்டில், மிசிசிப்பிக் கரையில் இந்திய மக்கள் ஒரு பெருநகரம் வைத்திருந்தார்கள். கூடை கூடையாக மண் சுமந்து கொட்டி 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு எழுப்பியிருக்கிறார்கள். அடி ஐந்து ஹெக்டேருக்கு மேல். அதற்கு இப்போது பெயர் 'துறவிகள் மேடு', பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நாலு வருஷம் அங்கே தங்கிய பிரெஞ்சுத் துறவிகளால் வந்த பெயர். கட்டியவர்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்பது போய்விட்டது. அமெரிக்காவுக்குச் சரித்திரமே இருநூறு வருஷம்தான் என்று நம்மூர் டீக்கடையில் பேசுகிறவர்களை அந்த மேட்டுப் படியில் ஒரு தரம் ஏற்றிவிட வேண்டும்.

கஹோக்கியா என்றே இன்னொரு ஊர் பக்கத்தில் இருக்கிறது. 1699இல் கியூபெக்கிலிருந்து வந்த குருக்கள் தொடங்கியது. அவர்கள் சபை நமக்கு நன்றாகத் தெரிந்த 'மிசியோன் எத்ரான்ழேர்' சபையோடு சேர்ந்தது. பின்னாளில் நம் சம்பா கோயிலைப் பார்த்துக்கொண்டவர்களும் அந்தச் சபைக் குருக்களே. அங்கே 1799இல் கட்டிய மரக் கோயில் இன்னும் நிற்கிறது. அமெரிக்கக் குடியானவன் மரங்களைப் படுக்க வைத்துச் சுவர் அடுக்குவான். பிரெஞ்சுக்காரன் மரங்களை நிற்க வைத்து இடையில் கல்லும் சாந்தும் அடைப்பான். அந்த நிற்கும் மரத்தைப் பார்த்தே இது யார் வீடு என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் 1740 வாக்கில் ஒரு வீடாகக் கட்டி, பிறகு நீதிமன்றமாகப் பயன்பட்ட கட்டடம். 1904இல் அதைப் பெயர்த்து செயின்ட் லூயி உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், அப்புறம் சிகாகோவுக்குக் கொண்டுபோய், கடைசியில் பழைய இடத்திலேயே மறுபடி நிறுத்தினார்கள்.

முப்பதாம் தேதி ஷார்த்ரு கோட்டை. நான் அதிக நேரம் வைத்திருப்பது இங்கேதான். 1718 டிசம்பரில் புவாபிரியான் என்ற தளபதி கும்பனியின் உத்தரவோடு இலினாய்க்கு வந்து, 1720இல் முதல் கோட்டையை மரத்தில் முடித்தார். ஆற்று வெள்ளம் அரித்தது. மறுபடி கட்டினார்கள். மறுபடி அரித்தது. 1750களில் ராஜாவின் செலவில் சுண்ணாம்புக் கல்லில் கட்டினார்கள். சுற்றிலும் கோதுமை வயல். அந்த மாவு படகில் ஆற்றோடு இறங்கி நூவெல் ஓர்லியோனுக்குப் போகும். ஊர்களில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் எல்லாம் சேர்த்து ஓரிரு ஆயிரம் பேர். வயலிலும் ஈயச் சுரங்கத்திலும் உழைத்தவர்களில் கறுப்பு அடிமைகளும் இந்திய அடிமைகளும் உண்டு.

இந்த இடத்தை விரைவாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. கும்பனி லூயிசியானாவுக்குக் கப்பலேற்றிய அடிமைகளில் பெரும்பகுதி செனெகல் பக்கத்து ஜனங்கள். அந்தக் கரையில் கொடுத்து வாங்கிய சரக்கில் இந்தியத் துணியும் இருந்தது. நம் பக்கத்தில் நெய்து நீலம் தோய்த்த துணிக்கு அங்கே நல்ல கிராக்கி. நம் கரையிலும் ஆள் பிடித்துக் கப்பலேற்றிய கதையை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கும்பனிக் காலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் துய்ப்ளெக்சின் ஊர்வலத்தையும் கவர்னர் மாளிகையையும் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். அந்தக் கணக்குப் புத்தகத்தில் இதுவும் ஒரு பக்கம்.

1761 ஜனவரி 16ஆம் தேதி ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். பிள்ளையும் அதே மாதம்தான் கண்மூடினார். பிறகு கோட்டையையும் ஊரையும் கல் கல்லாகப் பெயர்த்தது நமக்குத் தெரியும். 1763 பிப்ரவரி 10ஆம் தேதி பாரிசில் உடன்படிக்கை. அதை நான் மூலத்தில் படித்திருக்கிறேன், ஆபீஸ் பழக்கம், ஷரத்து எண்ணோடு ஞாபகம் இருக்கிறது. 7ஆவது ஷரத்து மிசிசிப்பி ஆற்றின் நடுவில் கோடு கிழித்து, நூவெல் ஓர்லியோன் நீங்கலாகக் கிழக்குக் கரையை ஆங்கிலேயனுக்குக் கொடுக்கிறது. 11ஆவது ஷரத்து 1749 தொடக்கத்தில் இந்தியாவில் பிரான்சுக்கு இருந்த ஊர்களைத் திருப்பித் தரச் சொல்கிறது. நாலு ஷரத்து இடைவெளியில் ஓர் ஊர் போகிறது, ஓர் ஊர் வருகிறது. இரண்டு உத்தரவும் 1765இல்தான் நிறைவேறின. அந்த வருஷம் லா தெ லொரிஸ்தோன் இங்கே வந்து கற்குவியலாய்க் கிடந்த புதுச்சேரியைப் பெற்றுக்கொண்டார். அதே வருஷம் அக்டோபர் 10ஆம் தேதி, சேதமில்லாமல் நின்ற ஷார்த்ரு கோட்டையைக் கிழவர் சேன் ஆன்ழ் ஆங்கிலேயனிடம் சாவி கொடுத்துவிட்டு ஆற்றைத் தாண்டினார். இடித்த ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள், நின்ற கோட்டையை எடுத்துக்கொண்டார்கள். ஏழு வருஷம் கழித்து ஆறு மதிலைத் தின்றதும் ஆங்கிலேயனும் அதைக் கைவிட்டான். மருந்துக் கிடங்கு மட்டும் பழைய கட்டடமாகவே நிற்கிறது. மற்றது பின்னால் எழுப்பியது.

ஆங்கிலேயன் கீழ் இருக்க மனமில்லாமல் பல குடும்பங்கள் எதிர்க்கரைக்குப் போயின. 1764இல் அங்கே தொடங்கிய செயின்ட் லூயி அப்படி வளர்ந்ததுதான். போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்தக் கரையை ராஜா 1762லேயே ரகசியமாக ஸ்பெயினுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்!

நமக்குப் பிரெஞ்சு ஆட்சி 1954 வரை நீடித்தது, பள்ளிக்கூடம் அதற்குப் பிறகும் நீடித்தது. நான் பிறந்தபோது பிரெஞ்சுக் கொடி, பள்ளியில் சேர்ந்தபோது மூவர்ணக்கொடி, ஆனாலும் படித்தது பிரெஞ்சில். 1763 உடன்படிக்கையை எங்கள் சரித்திர வாத்தியார் முசே, ஏதோ வீட்டில் சாவு விழுந்த மாதிரி நடத்துவார். கனடா போயிற்று, லூயிசியானா போயிற்று, மிஞ்சியது இந்தியாவில் ஐந்து ஊர் என்று பலகையில் எழுதுவார். அந்த மிஞ்சிய ஊரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். ஆட்சி போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படித்த மொழி நம் கண் முன்னாலேயே ஊரை விட்டுப் போகிறதே, அதில் உண்டு. ஆபீசில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களும் பிறப்புப் பதிவுகளும் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் ரிட்டையர் ஆனபோது அந்த வேலைக்கு என் செக்ஷனில் ஆள் இல்லை. என் மகளுக்குப் பிரெஞ்சு கொஞ்சம் புரியும். பேரனுக்கு 'போன்ழூர்'.

அங்கே என்ன மிஞ்சியது? கோட்டைக்குப் பக்கத்தில் ப்ரேரி துய் ரோஷே என்ற கிராமம், 1722இல் உண்டானது. வருஷக் கடைசி ராத்திரி ஒரு கூட்டம் பிடிலும் கிட்டாரும் எடுத்துக்கொண்டு, சிலர் பழங்கால உடுப்பில், வீடு வீடாகப் போகும். கதவைத் திறந்ததும் நடுக்கூடத்தில் நின்று பாடுவார்கள். தலைவர் ஒரு அடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். நம் மார்கழி பஜனை மாதிரிதான், மாதமும் மார்கழிதான். பாட்டின் பெயர் 'லா கியானே'. வீட்டு எஜமானுக்கும் எஜமானிக்கும் வந்தனம் சொல்லி, அடிக்கணக்கில் நீளமுள்ள பன்றி முதுகுக்கறி கேட்டு, அது இல்லாவிட்டால் உங்கள் மூத்த பெண்ணைக் கொடுங்கள், அவள் காலைக் கணப்பில் சூடாக்கி உபசரிப்போம் என்று கேலி பண்ணுகிற பாட்டு. பாடி முடித்ததும் வீட்டார் குடிக்கவும் தின்னவும் கொடுப்பார்கள். 1722 முதல் ஒரு வருஷமும் விடாமல் பாடி வருகிறோம் என்பது ஊர்க்காரர்கள் வாக்கு. கும்பனி போய், ராஜா போய், ஆங்கிலேயன் வந்து போய், அமெரிக்கா வந்து இத்தனை காலம் ஆகியும் பாட்டு நிற்கவில்லை. மொழிதான் நின்றுவிட்டது. இப்போது பாடுகிறவர்கள் அப்பா அம்மா வாயிலிருந்து காதால் பிடித்துக்கொண்டவர்கள்.

மகள் அதன் ஒளிப்பதிவை எனக்கு அனுப்பினாள். ஐந்தாறு முறை கேட்டேன். சில சொற்கள் தெளிவாக விழுகின்றன, சில உருண்டு உருண்டு வேறு என்னவோ ஆகிவிட்டன. திருத்திக் கொடுக்கலாம் என்று முதலில் கை பரபரத்தது, நோட்டில் எழுதக்கூடத் தொடங்கினேன். பிறகு சம்பா கோயில் ஞாபகம் வந்தது. லத்தீன் பூசை இருந்த காலத்தில் முன்வரிசையில் உட்காரும் கிழவிகள் ஒரு சொல்லும் புரியாமல் முழுப் பாட்டையும் பாடுவார்கள். சொல் நைந்திருக்கும், ராகம் தப்பாது. அவர்களை எந்தக் குருவும் நிறுத்தித் திருத்தியதாக எனக்கு நினைவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டேன். என் பிரெஞ்சு லிசேயில் தேர்வு எழுதிய பிரெஞ்சு. அவர்களுடையது முந்நூறு குளிர்காலம் வாசலில் நின்று பாடிய பிரெஞ்சு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மண்ணின் மக்களான பியோரியா, கஸ்காஸ்கியா, கஹோக்கியா எல்லாரும் பின்னால் மேற்கே தள்ளப்பட்டு இன்று ஒக்லஹோமாவில் இருக்கிறார்கள். அவர்கள் மொழியைப் பிறவியில் பேசியவர்கள் இருபதாம் நூற்றாண்டில் மறைந்துபோனார்கள். ஆனால் முந்நூறு வருஷத்துக்கு முன் சேசு சபைக் குருக்கள் அந்த மொழிக்குப் பெரிய பெரிய பிரெஞ்சு அகராதிகள் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கையெழுத்துப் பிரதிகளை வைத்துக்கொண்டு அவர்கள் உறவினரான மயாமி மக்களும் அறிஞர்களும் மொழியை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவருகிறார்கள். குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள். நம்மூர் மிசியோன் அச்சகம் வெளியிட்ட முசே-துய்ப்புய் தமிழ்-பிரெஞ்சு அகராதி என் அலமாரியில் இருக்கிறது. தமிழுக்கு அப்படி ஒரு ஆபத்து வரவில்லை. அவர்களுக்கு வந்தது, அப்போது பழைய பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்களுக்கும் வேலை இருந்தது.

ஜனவரி 1ஆம் தேதி கஸ்காஸ்கியா. 1818இல் இலினாய் மாநிலமானபோது அதுதான் முதல் தலைநகர். 1881 வெள்ளத்தில் மிசிசிப்பி வழி மாறி ஊரின் பின்பக்கமாகப் புகுந்துவிட்டது. பழைய ஊர் ஆற்றோடு போயிற்று. மிச்சம் ஆற்றுக்கு மேற்கே ஒட்டிக்கொண்டது. இலினாய் மாநிலத்தின் அந்த ஊருக்குப் போக மிசௌரி மாநிலத்துக்குள் நுழைந்துதான் போக வேண்டும். 2010 கணக்கெடுப்பில் அங்கே 14 பேர். பதினைந்தாம் லூயி அனுப்பிய மணி ஒன்று, 1741இல் லா ரோஷெலில் வார்த்தது, கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் மண்டபத்தில் இருக்கிறது. புதுவருஷத்தன்று மண்டபம் திறந்திருக்குமா என்று கேட்டு எழுதச் சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்த நாளுக்கு எதிரே ஃபைலில் 'பதில் எதிர்பார்க்கப்படுகிறது' என்று குறித்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரம்மா நேற்று ராத்திரி ஒளிப்பதிவை என்னோடு உட்கார்ந்து ஒரு தரம் கேட்டார்கள். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் காரை விட்டு இறங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.